கையெழுத்துக்கு முந்தைய பத்து நிமிடம்

1841ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துச் சிற்றூரான காம்பியரில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவன் தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதினான். கென்யன் கல்லூரியில் புதிதாக ஒரு விதி வந்திருக்கிறது. ஒவ்வொரு மாணவனும் ஆசிரியர்களில் ஒருவரைத் தனக்கு ஆலோசகராகவும் நண்பராகவும் தேர்ந்துகொள்ள வேண்டும். மாணவனுக்கும் ஆசிரியர் குழுவுக்கும் இடையிலான பேச்சு இனி அவர் வழியாகவே நடக்கும் என்று அதில் விவரித்திருந்தான். ஏற்பாடு அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது. அவன் தேர்ந்துகொண்டவர் நரைத்த தாடிப் பேராசிரியர் இல்லை. அவன் அங்கே சேர்ந்த பிறகு பட்டம் முடித்துவிட்டு, கல்லூரியைச் சேர்ந்த பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த இளைஞர். கடிதம் எழுதியவன் பெயர் ரூதர்ஃபோர்டு ஹேஸ். பிறப்பதற்கு முன்பே தகப்பனை இழந்த பிள்ளை. 1877இல் அவர்தான் அந்நாட்டின் பத்தொன்பதாவது குடியரசுத் தலைவரானார்.

கல்லூரி ஆலோசனையின் வரலாற்றைச் சொல்ல வருகிறவர்கள் இந்தக் கடிதத்தை விடுவதில்லை. ஆனால் அன்றைய அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவன் தேர்ந்துகொள்வதற்கு ஏறக்குறைய எதுவுமே இருக்கவில்லை. லத்தீன், கிரேக்கம், கணிதம், கொஞ்சம் தத்துவம் என்று எல்லோருக்கும் ஒரே பந்தி, ஒரே பரிமாறல். அங்கே ஆலோசகர் என்பவர் பாடங்களைத் திட்டமிட்டுத் தருபவராக இருந்திருக்க முடியாது. மாணவனுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் நிற்கும் ஆள், அவ்வளவுதான்.

அப்படியே நூற்று எண்பது ஆண்டுகளைத் தாண்டிச் சென்னைக்கு வரலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் வகுப்பு ஆலோசகருக்கான கடமைகள் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. துறைத் தலைவருக்கும் வகுப்பு மாணவர்களுக்கும் இடையே தகவல் போகும் வழியாக இருப்பது அவற்றுள் ஒன்று. மாணவர்களைப் பற்றிய புள்ளிவிவரங்களைத் திரட்டி வைப்பது, வருகைப் பதிவைக் கண்காணிப்பது, கல்வி உதவித்தொகை, தொழிற்சாலைப் பயணம் போன்றவற்றைக் கவனிப்பது எல்லாம் உடன் வருகின்றன. ஹேஸ் அம்மாவுக்கு எழுதிய வேலை விவரம் ஏறக்குறைய இதுதான்.

அதே ஒழுங்குமுறையில் இன்னொருவரும் இருக்கிறார். பெயர் ஃபேகல்டி அட்வைசர், மாணவர் பேச்சில் எஃப்.ஏ. மாணவர் தம் படிப்பைத் திட்டமிட உதவுவதற்காகத் துறைத் தலைவர் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான மாணவர்களை ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். படிப்பு முடியும் வரை அவரே அவர்களுக்கு ஆலோசகர். பாடங்களைப் பதிவு செய்வதில் வழிகாட்டி, பதிவுக்கு ஒப்புதல் தந்து, அவ்வப்போது கூப்பிட்டுப் பேசி, தேவையானால் பெற்றோருக்கும் சொல்ல வேண்டும் என்கிறது விதி. தாளில் இரண்டும் தனித்தனி வேலைகள். நடைமுறையில் பெரும்பாலும் இரண்டும் ஒரே தலையில் விழுகின்றன. விழுந்ததும் முதல் வேலை இரண்டாவதை விழுங்கிவிடுகிறது. மாணவர் கண்ணுக்கு எஃப்.ஏ. என்பவர் ஓ.டி. (ஆன் டியூட்டி) படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர், வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் வீட்டுக்குப் போன் அடிக்கிறவர்.

பாடத் திட்டமிடலுக்கு என்று ஓர் ஆசிரியர் ஏன் தேவைப்பட்டார் என்பதற்கு ஹார்வர்டின் கதையைப் பார்க்க வேண்டும். 1869இல் சார்லஸ் எலியட் அதன் தலைவரானார். நாற்பது ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். வேதியியல் கற்பித்தவர். எல்லோருக்கும் ஒரே பாடம் என்ற பழைய முறையை அவரால் சகிக்க முடியவில்லை. கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். 1890களின் கடைசியில் முதலாண்டு ஆங்கில எழுத்துப் பயிற்சி நீங்கலாக ஏறத்தாழ எல்லாமே மாணவர் விருப்பம் என்றாகிவிட்டது. சுதந்திரம் கையில் கிடைத்ததும் மாணவர்கள் செய்ததை ஊகிக்க ஆராய்ச்சி வேண்டியதில்லை. எளிதான அறிமுகப் பாடங்களையே நான்கு வருடமும் அள்ளிக்கொண்டு பட்டத்தோடு வெளியேறியவர்கள் ஏராளம்.

இந்தப் பின்னணியில்தான் 1889இல் ஹார்வர்டு முதலாண்டு மாணவர்களுக்கென ஆலோசகர் குழு ஒன்றை அமைத்தது. அதற்கு முன்பே, 1876இல் பால்டிமோரில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அடுத்த ஆண்டே ஆசிரிய ஆலோசகர் முறையைக் கொண்டுவந்திருந்தது. அதன் முதல் தலைவர் டேனியல் காய்ட் கில்மன் எலியட்டைப் போலக் கடையைத் திறந்துவிடவில்லை. பாடங்களைச் சில தொகுதிகளாகக் கட்டினார். மாணவர் ஒரு தொகுதியைத் தேர்ந்துகொள்ள வேண்டும், எதை என்று பேசி முடிவுசெய்ய ஓர் ஆசிரியர் கூட இருப்பார். நம்மூர் ப்ளஸ் டூ ‘குரூப்’பும், அண்ணா பல்கலைக்கழகத்தின் புதிய விருப்பப் பாடத் தொகுதிகளான ‘வெர்டிகல்’களும் தூரத்து உறவில் இந்த யோசனைக்குப் பேரப்பிள்ளைகள் என்று சொல்லலாம். எலியட்டுக்குப் பின் 1909இல் வந்த லாரன்ஸ் லோவெல் ஹார்வர்டிலும் கயிற்றை இழுத்துப் பிடித்தார். ஒரு துறையில் ஆழம், மற்றவற்றில் பரவல் என்ற விதி வந்தது. ஆலோசகர் போகவில்லை. விதியைப் படித்துப் புரிந்துகொள்ளவே ஒருவர் தேவைப்பட்டார்.

ஆக, ஆசிரிய ஆலோசகருக்கு இரண்டு பூர்விகம். ஒன்று கென்யனின் இடையாள். மற்றது ஹாப்கின்ஸ், ஹார்வர்டின் வழித்துணை. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பெயரை இரண்டாமவரிடமிருந்து எடுத்துக்கொண்டு வேலையை முதலாமவரிடமிருந்து எடுத்துக்கொண்டன.

1972இல் அமெரிக்காவில் இரண்டு கட்டுரைகள் வந்தன. பர்ன்ஸ் குரூக்ஸ்டன் எழுதியது ஒன்று. ஆலோசனை என்பது கற்பித்தலின் ஒரு வகை என்பது அவர் வாதம். மருந்துச் சீட்டு எழுதித் தரும் மருத்துவரைப் போல, இதை எடு, அதை விடு என்று சொல்லி அனுப்புவது ஒரு முறை. மாணவரோடு சேர்ந்து யோசித்து, முடிவெடுக்கும் பொறுப்பை மெல்ல மெல்ல அவர் தோளுக்கே மாற்றுவது இன்னொரு முறை. இரண்டாவதுதான் ஆசிரியருக்கு அழகு என்றார். டெர்ரி ஓபேனியன் எழுதிய மற்றொரு கட்டுரை ஆலோசனையை ஐந்து படிகளாகப் பிரித்தது. வாழ்க்கையில் என்ன வேண்டும் என்பது முதல் படி. அதற்கு எந்தத் தொழில், அந்தத் தொழிலுக்கு எந்தப் பட்டப்படிப்பு, அந்தப் படிப்பில் எந்தெந்தப் பாடங்கள் என்று அடுத்தடுத்த படிகள். அவற்றை எந்தப் பருவத்தில், எந்த மணியில் படிப்பது என்பது கடைசிப் படி.

இந்த ஐந்து படிகளைத் தமிழ்நாட்டில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும், கொஞ்சம் வருத்தமும் வரும். முதல் மூன்று படிகளும் கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. கட்-ஆஃப் மதிப்பெண் ஒரு பங்கு, பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் சித்தப்பா ஒரு பங்கு, பக்கத்து வீட்டுப் பையன் எதில் சேர்ந்தான் என்பது மீதி. ஆலோசகர் கைக்கு வந்து சேருவது நான்காவதும் ஐந்தாவதும்தான். ஐந்தாவதைப் பல்கலைக்கழகமே அட்டவணை போட்டுத் தீர்த்துவிடுகிறது. நான்காவதில் மிச்சமிருப்பது நாலைந்து எலெக்டிவ். அதிலும், ஆசிரியர் எதற்கு இருக்கிறாரோ அதைத்தான் துறை நடத்தும்.

அதற்காக நம் ஆலோசகருக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அவரிடம் இருக்க வேண்டிய அறிவு வேறு வகையானது.

ப்ளஸ் டூவில் கணிதம் எடுக்காத ஒரு மாணவி கலை அறிவியல் கல்லூரியில் பட்டப்படிப்பில் சேர்கிறார். மூன்றாண்டு முடிந்ததும் எம்.சி.ஏ. படிக்க ஆசை. அப்போதுதான், பள்ளியிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்று சில இடங்களில் இருக்கும் நிபந்தனை கண்ணில் படுகிறது. முதலாண்டிலேயே துணைப் பாடத்தையோ விருப்பப் பாடத்தையோ பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். இன்னொருவர் இளங்கலையில் ஒரு பாடம், முதுகலையில் வேறொரு பாடம் என்று மாறிப் படிக்கிறார். அறிவுக்கு அதில் குறையேதும் இல்லை. ஆனால் அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் பணிக்கு இரண்டும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். ‘கிராஸ் மேஜர்’ என்ற சொல்லை அவர் முதன்முதலாகக் கேள்விப்படுவது ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிக்கையைப் படிக்கும்போதுதான். புதுப்புதுப் பெயர்களில் முளைக்கும் பட்டப்படிப்புகளில் சேர்ந்தவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. தங்கள் பட்டம் பழைய பெயர்ப் பட்டத்துக்கு இணையானது என்று சொல்லும் அரசாணையைத் தேடி அலைய வேண்டும்.

இவையெல்லாம் ரகசியங்கள் இல்லை. துறையில் பத்தாண்டு பணியாற்றிய எந்த ஆசிரியருக்கும் தெரிந்த விஷயங்கள். தகப்பனோ தாயோ கல்லூரி பார்த்திருந்தால் வீட்டுச் சாப்பாட்டுப் பேச்சிலேயே காதில் விழுந்திருக்கும். தமிழ்நாட்டில் நிலைமை அப்படியில்லை. 2021–22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, இங்கே உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. பெருமைப்பட வேண்டிய எண். கல்லூரியே பார்க்காத குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள் இல்லாமல் எந்த மாநிலமும் இந்த எண்ணைத் தொட முடியாது. முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. திறன் பயிற்சிக்கு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் இருக்கிறது. எந்தப் பாடத்தை எடுத்தால் எந்தக் கதவு சாத்திக்கொள்ளும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லும் ஆள் மட்டும் அந்தப் பிள்ளைக்குக் கல்லூரிக்குள்தான் கிடைக்க வேண்டும்.

ஆள் கிடைத்தால் உண்மையிலேயே பலன் இருக்கிறதா? இதை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தன் இரண்டாண்டுக் கல்லூரிகளுக்காக ஒரு திட்டம் தொடங்கியது. ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அசாப். அடித்தட்டுக் குடும்பங்களிலிருந்து வந்து, பள்ளிப் பாடத்திலேயே இடைவெளி இருந்த 896 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் மூன்றாண்டு தொடர்ந்து கவனித்தது. திட்டத்தில் இருந்தவர்களில் 40.1 விழுக்காட்டினர் மூன்றாண்டுக்குள் பட்டயம் பெற்றார்கள். வெளியே இருந்தவர்களில் 21.8 விழுக்காட்டினர். கல்வி ஆய்வுகளில் இவ்வளவு பெரிய இடைவெளி அபூர்வம். திட்டத்தின் ஆலோசகர் ஒருவருக்கு 60 முதல் 80 மாணவர்கள். மற்றவர்களுக்கு ஒருவரிடம் 600 முதல் 1,500 பேர்.

இந்த எண்களை அப்படியே ஆலோசனையின் வெற்றி என்று எழுதிவிடுவது நேர்மையாகாது. அசாப் மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை கொடுத்தார்கள், பாடப்புத்தகம் கொடுத்தார்கள், கட்டணத்தில் துண்டு விழுந்தால் நிரப்பினார்கள், தனிப்பயிற்சியும் உண்டு. எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்த ஆய்வு வழி வைக்கவில்லை. மேலும், அங்கே ஆலோசகர்கள் அதற்கென்றே சம்பளம் வாங்கும் பணியாளர்கள், வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் இல்லை.

ஆசிரியர்களைப் பற்றிய நேரடிச் சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பெய்ரூட்டில் இருக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆசிரிய ஆலோசகரை ஒதுக்குவது குலுக்கல் போலத்தான். மாணவர் கேட்டு வாங்க முடியாது, ஆசிரியரும் பொறுக்கி எடுக்க முடியாது. பொருளாதார ஆய்வாளர்களுக்கு இது கிடைத்தற்கரிய வாய்ப்பு. செரீனா கனான், அந்துவான் டீப், பியேர் முகானி ஆகியோர் ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட கட்டுரை, ஆலோசகருக்கு ஆலோசகர் தரம் கணிசமாக வேறுபடுகிறது என்று காட்டியது. நல்ல ஆலோசகர் வாய்த்தவர்களுக்கு முதலாண்டு மதிப்பெண் கூடியது, நான்காண்டுக்குள் பட்டம் முடிப்பவர் விகிதமும் உயர்ந்தது. கனானும் முகானியும் செய்த இன்னொரு ஆய்வு அறிவியல் துறைகளைப் பார்த்தது. பெண் ஆசிரியரை ஆலோசகராகப் பெற்ற மாணவிகள் அறிவியல், பொறியியல் பக்கம் போவதும் அங்கே நிலைப்பதும் அதிகம். இயற்பியல் துறையில் ஒரு பேராசிரியையைப் பார்த்து வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் இது புதிய செய்தியாக இருக்காது. ஆனாலும் எண்ணில் பார்ப்பது வேறு.

அட்லாண்டாவில் இருக்கும் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் சுவாரசியமானது. 2003இல் அங்கே ஆறு ஆண்டுக்குள் பட்டம் பெற்றுப் போகிறவர்களின் விகிதம் 32 விழுக்காடுதான். பழைய மாணவர்களின் பத்தாண்டு மதிப்பெண்களை, இருபத்தைந்து லட்சம் கிரேடுகளை, கணினியில் கொட்டி அலசினார்கள். யார், எங்கே, ஏன் தடுக்கி விழுகிறார்கள் என்பதற்கு எண்ணூறுக்கு மேல் அறிகுறிகள் கிடைத்தன. அரசியல் அறிவியல் துறையிலிருந்து ஒன்று. துறையின் முதல் பாடத்தில் ஏ அல்லது பி வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் பட்டம் முடித்தார்கள். சி வாங்கியவர்களில் கால்வாசிப் பேர்தான் முடித்தார்கள். சி என்பது தேர்ச்சி மதிப்பெண். யாரும் அதைப் பார்த்துப் பதறியதில்லை, மாணவரும் அடுத்த பாடத்துக்கு நகர்ந்துவிடுவார். ஆனால் முதல் பாடத்தில் கட்டுரை எழுதத் தடுமாறியவர், மேல் வகுப்புகளில் இன்னும் நீளமான கட்டுரைகளில் சிக்கிக்கொள்வார் என்று பழைய கணக்கு முன்கூட்டியே சொன்னது.

2012இல் தொடங்கி, இப்படி ஓர் அறிகுறி தெரிந்ததும் ஆலோசகர் மாணவரைக் கூப்பிட்டுப் பேசும் ஏற்பாடு வந்தது. அதற்காகவே 42 ஆலோசகர்களைப் புதிதாக நியமித்தார்கள். ஆலோசகர் ஒருவருக்கு எழுநூறுக்கு மேல் இருந்த மாணவர் எண்ணிக்கை முந்நூறு அளவுக்கு இறங்கியது. பட்டம் பெறுவோர் விகிதம் ஐம்பதைத் தாண்டியது. கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் இடையே இருந்த இடைவெளி மறைந்தது. பத்திரிகைகள் கணினியைப் புகழ்ந்தன. கணினி மணி அடித்தது என்பது சரி. மணிச் சத்தம் கேட்டு எழுந்து போக நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள் என்பதுதான் கதையின் முக்கியப் பாதி.

அதே அமெரிக்காவில் இதற்கு மறுபக்கமும் நடந்தது. மேரிலாந்தில் ஒரு சிறிய கத்தோலிக்கக் கல்லூரி, மவுண்ட் செயின்ட் மேரிஸ். யார் தேற மாட்டார்கள் என்று கண்டுபிடித்து, உதவி செய்வதற்குப் பதிலாகச் சேர்ந்த சில வாரங்களிலேயே அவர்களை வெளியே அனுப்பிவிட்டால் தக்கவைப்பு விகிதம் அழகாகத் தெரியும் என்று தலைவர் திட்டம் போட்டது 2016 ஜனவரியில் மாணவர் பத்திரிகை வழியாக வெளிவந்தது. ஆசிரியர்கள் கொதித்தார்கள். அடுத்த மாதக் கடைசியில் அவர் பதவி விலகினார். ‘சென்டம்’ தேர்ச்சிக்காகத் தேர்வுக்கு முன் பலவீனமான மாணவனின் கையில் டி.சி.யைத் திணிக்கும் வழக்கத்தைப் பார்த்த தமிழ் வாசகருக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இருக்காது. ஒரே தகவல்தான். ஆலோசகர் கையில் விளக்கு, வாயில்காப்போன் கையில் தடி.

தமிழ்நாட்டில் தேர்வு செய்யும் உரிமையை அதிகம் கொடுக்கும் ஒரு முறை வேலூர் வி.ஐ.டி.யில் இருக்கிறது. எஃப்.எஃப்.சி.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் அந்த ஏற்பாட்டில் மாணவர் பாடத்தையும் நேரத்தையும் ஆசிரியரையும் தாமே தேர்ந்து, தம் கால அட்டவணையைத் தாமே கட்டிக்கொள்ளலாம். பதிவு நாளில் விடுதி அறைகளில் நடப்பது பொங்கல் ரயில் முன்பதிவுக்குச் சற்றும் குறைந்ததில்லை. ஆசிரிய ஆலோசகருக்கு அங்கே பெயர் ‘புரொக்டர்’. விந்தையான பெயர்த் தேர்வு. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் புரொக்டர் என்றால் ஒழுங்கு காக்கும் அதிகாரி. தேர்வுக் கூடத்தில் மேற்பார்வை செய்பவரையும் அப்படி அழைப்பதுண்டு. ஹார்வர்டில் மட்டும் முதலாண்டு விடுதியில் மாணவர்களோடு தங்கி வழிகாட்டுபவருக்கு அந்தப் பெயர். கலை அறிவியல் கல்லூரிகளில் இதே மனிதர் ‘டியூட்டர்’, வேறு சில இடங்களில் ‘மென்டார்’. அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகள் ‘வார்டு’கள்.

மென்டார் என்ற பெயர் பரவியதற்குத் தேசியத் தர மதிப்பீட்டு அமைப்பான நாக்கும் ஒரு காரணம். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை மாணவர்கள் என்ற விகிதத்தை அது கேட்டு வந்திருக்கிறது. நல்ல கேள்வி. ஆனால் விகிதம் வேண்டும் என்றால் ஆசிரியர் பட்டியலையும் மாணவர் பட்டியலையும் வகுத்தால் வந்துவிடும். சந்திப்பு நடந்ததற்குச் சான்று வேண்டும் என்றால் மென்டார் புத்தகம் இருக்கிறது. குழு ஆய்வுக்கு வரும் வாரத்தில், ஒரே பேனாவில், ஒரே மதிய வேளையில், மூன்று வருடச் சந்திப்புகளும் அதில் எழுதப்படுவதைக் கல்லூரி ஆசிரியர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். மதிப்பெண் பற்றிப் பேசப்பட்டது, ஊக்கப்படுத்தப்பட்டது என்று பக்கத்துக்குப் பக்கம் ஒரே வாசகம்.

ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடி வகுப்பு. மொத்தப் பணி 40 மணி. மீதி நேரத்தில் விடைத்தாள், ஆய்வுக்கூடம், நாக் கோப்பு, சேர்க்கைக்கு ஆள் பிடிக்கும் பயணம் வரை எல்லாம் அடக்கம். அரசுக் கல்லூரிகளில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே பல துறைகளைத் தாங்கி நிற்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். படிப்பு முடியும் வரை ஒரே ஆலோசகர் என்று விதியில் எழுதிவிடலாம். வேலையே நிரந்தரமில்லாதவர் எந்த தைரியத்தில் மூன்றாண்டுக்கு ஒரு பிள்ளையின் பொறுப்பை ஏற்பார்?

இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பொறியியல் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. வகுத்திருக்கும் ஆசிரியர் மாணவர் விகிதம் 1க்கு 20. ஆசிரியர் ஒவ்வொருவரும் இருபது பேரை ஏற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செமஸ்டர் தொடக்கத்தில் பாடப் பதிவின்போது ஆளுக்குப் பத்து நிமிடம், நடுவில் உள்மதிப்பீட்டுத் தேர்வு முடிந்ததும் இன்னொரு பத்து நிமிடம். மொத்தம் 400 நிமிடம், செமஸ்டருக்கு ஏழு மணி நேரம்கூட இல்லை. அந்த செமஸ்டரின் பதினைந்து வாரங்களில் அதே ஆசிரியர் வகுப்பெடுப்பது 240 மணி நேரம். கலைக் கல்லூரியில் அறுபது பேர் வகுப்புக்கு ஒரே டியூட்டர் என்றாலும் இருபது மணி நேரத்தில் முடியும். பணம் இல்லை, ஆள் இல்லை என்ற பதில் இந்தக் கணக்கின் முன் நிற்காது. நேரம் கால அட்டவணையில் அச்சாகாததால்தான் அது யாருக்கும் சொந்தமில்லாமல் போகிறது.

பத்து நிமிடத்தில் என்ன பேசிவிட முடியும்? மூன்றாம் செமஸ்டர் பதிவுக்கு வரும் ஒரு மாணவனை வைத்து யோசிக்கலாம். இரண்டு அரியர், அதில் ஒன்று கணிதம். கூடவே 18 கிரெடிட் அதிகமாகப் படித்து ‘மைனர்’ பட்டமும் வாங்க வேண்டும் என்று ஆசை, நண்பர்கள் எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள். கையெழுத்து மட்டும் போடுபவர் படிவத்தைப் பார்த்துவிட்டு, “அரியரை க்ளியர் பண்ணுப்பா” என்று அனுப்பிவிடுவார். இதுவும் ஆலோசனை என்றே மென்டார் புத்தகத்தில் ஏறும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்பவர் வேறு மாதிரி ஆரம்பிப்பார். கணிதத்தில் எந்த யூனிட் கைவிட்டது? ப்ளஸ் டூ வரை தமிழ்வழியா? தினம் எத்தனை மணி நேரம் பஸ்? ஒரு கேள்விக்குப் பதில் வந்தாலே பாதித் திட்டம் கிடைத்துவிடும். இந்த செமஸ்டரில் கணித அரியரை முதலில் எழுதுவது, மற்றதைத் தள்ளிப்போடுவது, அடுத்து வரும் எந்தெந்தப் பாடங்களுக்கு அந்தக் கணிதம் அஸ்திவாரம் என்று காட்டுவது, வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் அரியர் உள்ளவர்களை உள்ளேயே விடாத நிலையில் மைனரை இப்போதைக்கு மறந்துவிடலாமா என்று அவனையே யோசிக்க வைப்பது. முடிவை அவன் எடுக்கட்டும். குரூக்ஸ்டன் சொன்ன கற்பித்தல் இதுதான்; கரும்பலகைதான் இல்லை.

இதற்குப் பெரிய உளவியல் பயிற்சி தேவையில்லை. ஒழுங்குமுறைப் புத்தகத்தை ஒருமுறையாவது முழுதாகப் படித்திருக்க வேண்டும், போட்டித் தேர்வு அறிவிக்கைகளின் தகுதிப் பகுதியைப் பார்த்திருக்க வேண்டும், தன் துறையில் தேறாமல் போனவர்கள் எங்கே தேறாமல் போனார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன தகவல் ஒவ்வொரு கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும் தூங்குகிறது. அதை எழுப்ப அட்லாண்டாவின் கணினி வேண்டாம், ஒரு எக்செல் தாள் போதும்.

இந்த ஆண்டு பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகிறவர்கள் பஸ் எந்த ரூட்டில் வரும், விடுதிக் கட்டணம் எவ்வளவு, எந்தெந்தக் கம்பெனி வரும் என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். கூடவே இன்னும் மூன்று கேள்விகளையும் கேட்டு வையுங்கள். என் பிள்ளைக்கு ஆலோசகர் யார்? அவரிடம் இன்னும் எத்தனை பிள்ளைகள்? வாரத்தில் எந்த நாள், எந்த மணியில் அவரைப் பார்க்கலாம்? சேர்க்கை விண்ணப்பத்தில் இதற்கென்று கட்டம் எதுவும் கிடையாது. வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்.